எடைக்கல்லாக ஒரு பாட்டு

மொரீசியஸின் ரோஸ் ஹில்லில் என் படுக்கையறையே என் ஒலிக்கூடமும் ஆகும். அதன் நீளம் 3.5 மீட்டர், நான்கு சுவர்களும் மேல்தளமும் கான்கிரீட்டால் ஆனவை. 1960ஆம் ஆண்டு ஜனவரியில் அலிக்ஸ் புயலும் அடுத்த மாதமே கரோல் புயலும் வந்து மரவீடுகளையும் தகரக் கூரைகளையும் வாரிக்கொண்டு போன பிறகு, மொரீசியஸில் கான்கிரீட் வீடுகளே வழக்கமாகிவிட்டன. புயலுக்கு அசையாத அந்தச் சுவர்கள் ஒலிக்கும் அசைவதில்லை என்பதுதான் வீட்டிலேயே பாட்டை மிக்ஸ் செய்வோரின், அதாவது தனித்தனியே பதிவான குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலப்போரின், சங்கடம். பலகைச் சுவர், தாழ்ந்த ஒலி தன்மேல் படும்போது தானும் சற்று அதிர்ந்து, அந்த ஆற்றலில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்ளும். வழவழப்பாகப் பூசிய கான்கிரீட்டோ, விழுந்த ஒலியில் நூற்றுக்கு ஓரிரு பங்கை மட்டுமே உள்வாங்கி, மீதியை அறைக்குள்ளேயே திருப்பி அனுப்புகிறது.

27 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 347 மீட்டர் செல்கிறது. ஆகவே 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அதிரும், ஒலியின் அலைநீளம் சுமார் 7 மீட்டர். என் அறையின் நீளம் அதில் சரிபாதி. முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே போய்வரும் அலைகள் ஒன்றோடொன்று பொருந்தி நிலை அலையாக நின்றுவிடுவதால், சுவரோரங்களில் 50 ஹெர்ட்ஸ் ஓங்கி ஒலிக்கிறது. அறையின் நடுவிலோ அது ஏறக்குறைய காணாமல் போகிறது. அறையின் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பேஸ் கிடார் போதுமா போதாதா என்று தீர்மானிப்பவர், கைகள் சமமில்லாத தராசில் பொன் நிறுப்பவரைப் போன்றவர்.

அந்தத் தராசைப் பழுதுபார்க்காமலேயே சரியாக நிறுக்க ஒரு வழி உண்டு. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் போர்டாவின் பெயரால் வழங்கும் அந்த முறையில், பொருளை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் மணலைக் கொட்டிச் சமன் செய்ய வேண்டும். பிறகு பொருளை எடுத்துவிட்டு, அது இருந்த அதே தட்டில் எடைக்கற்களை வைத்து, அந்த மணலுக்குச் சமமாகும்வரை கூட்ட வேண்டும். பொருளும் எடைக்கல்லும் ஒரே தட்டில், ஒரே கோளாறுக்கு உட்பட்டு நிற்பதால், கோளாறு இரண்டுக்கும் பொதுவாகிக் கழிந்துபோகிறது. மிக்ஸிங்கில் ரெஃபரன்ஸ் டிராக் என்று சொல்லப்படுவது இந்த எடைக்கல்தான். நன்றாக மிக்ஸ் செய்யப்பட்டு வெளிவந்த ஒரு பாட்டை, நம் பாட்டு ஒலிக்கும் அதே ஸ்பீக்கரில், அதே நாற்காலியில் அமர்ந்து, மாற்றி மாற்றிக் கேட்கிறோம். அறை ஒரு பாட்டின் ஒலியைக் கூட்டிக் காட்டினால் மற்றப் பாட்டின் ஒலியையும் கூட்டிக் காட்டும். ஸ்பீக்கர் ஒன்றின் கூர்மையை மழுக்கினால் மற்றொன்றின் கூர்மையையும் மழுக்கும். அறை உண்மை பேசுகிறதா என்ற கேள்வியை விட்டுவிட்டு, இரண்டுக்கும் இடையே என்ன வேறுபாடு என்று மட்டும் பார்க்கிறோம். பிறருடைய பாட்டைப் போலச் செய்வதற்கான குறுக்குவழி இது என்று நினைப்போர் உண்டு. எடைக்கல்லைப் பார்த்து யாரும் பொன்னை வார்ப்பதில்லை.

இந்த முறையில் முதலில் தவறுவது ஒலியின் அளவு. 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் வெளியிட்ட சம உரப்புக் கோடுகள், நம் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே கண்ணோடு பார்ப்பதில்லை என்பதைக் காட்டின. இன்றைய அளவீடுகளின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் அளவில் ஒலிக்கும் சுரத்தின் அதே உரப்போடு 50 ஹெர்ட்ஸ் சுரமும் கேட்க வேண்டுமானால், அதற்கு 75 டெசிபெலுக்கும் மேல் தேவைப்படுகிறது. ஒலி மட்டம் ஏற ஏற இந்த இடைவெளி சுருங்குகிறது. அதாவது, வால்யூமைக் கூட்டினாலே பேஸ் எனும் தாழ்ந்த ஒலி தானாகத் திரண்டு வந்துவிடுகிறது. கடையில் விற்கும் பாட்டோ, வெளியிடுவதற்கு முந்தைய கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கில், ஒலியின் உச்சங்களை அடக்கும் லிமிட்டர் வழியாகச் சென்று உரப்பு ஏற்றப்பட்டது. எல்.யூ.எஃப்.எஸ். என்ற உரப்பு அளவையில் (பூச்சியத்துக்கு நெருங்க நெருங்க உரப்பு அதிகம்), இன்றைய பாப் பாட்டுகள் பல மைனஸ் 8, மைனஸ் 9 அளவில் நிற்கின்றன. மாஸ்டரிங்குக்குப் போகாத நம் மிக்ஸ் மைனஸ் 18 அளவில் இருக்கக்கூடும். இந்த 10 டெசிபெல் வேறுபாட்டைக் காது ஏறக்குறைய இரண்டு மடங்கு உரப்பாக உணர்கிறது. அந்நிலையில் ஒப்பிட்டால், ரெஃபரன்ஸ் டிராக் கனமாகவும் பளிச்சென்றும் இருப்பதாகத் தோன்றும், நாமும் பேஸையும் மேல் அதிர்வெண்களையும் ஏற்றிக்கொண்டே போவோம், பாட்டு கெடும்.

ஆகவே ரெஃபரன்ஸ் டிராக் இருக்கும் தடத்தின் அளவை மட்டும் குறைத்து, உரப்பு மீட்டரில் இரண்டும் அரை டெசிபெலுக்குள் பொருந்தும்படி வைக்க வேண்டும். இந்த மீட்டர்களுக்கு அடிப்படையான கணக்கீட்டை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006ஆம் ஆண்டில் வகுத்தது. அதில் காதின் இயல்பை ஒட்டிய வடிகட்டி ஒன்று இருப்பதால், வெறும் உச்ச அளவைக் காட்டும் பழைய மீட்டரைவிட இதை நம்பலாம். அளவைச் சமன் செய்தவுடன் ஒரு வேடிக்கை நிகழும்: அதுவரை மலைக்க வைத்த கடைப்பாட்டு சற்றுத் தட்டையாகவும், நம்முடைய டிரம் அடி அதைவிட உயிரோடும் ஒலிக்கும். லிமிட்டர் அடிகளின் முனைகளை நறுக்கிவிட்டதே அதற்குக் காரணம். அந்த வேறுபாடு மாஸ்டரிங் செய்பவரின் பாடு. மிக்ஸிங்கில் அதைத் துரத்த வேண்டியதில்லை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எல்லாத் தடங்களும் வந்து சேரும் மாஸ்டர் தடத்தில், ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரோ அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரோ போட்டிருந்தால், ரெஃபரன்ஸ் டிராக் அவற்றின் வழியாகப் போகக் கூடாது. போனால் எடைக்கல்லையே அராவிவிட்டு நிறுப்பதாகும்.

ஒலியின் நுண்ணிய தன்மைகள் நம் நினைவில் சில நொடிகளே தங்குகின்றன. மெட்டு பல்லாண்டு நிற்கும். ஆனால் சற்று முன் கேட்ட பேஸ் எவ்வளவு தடிப்பாக இருந்தது என்பது அடுத்த பாட்டை வைப்பதற்குள் கரைந்துவிடும். அத்துடன், ஒரே ஒலியைத் தொடர்ந்து கேட்டால் காது அதற்குப் பழகி, கரகரப்பையும் இயல்பென்று ஏற்றுக்கொள்கிறது. இதனால்தான் இரண்டு பாட்டுகளையும் முழுதாக ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பது பெரும்பாலும் வீண். பல்லவிக்குப் பல்லவி, சரணத்துக்குச் சரணம் என்று பத்து நொடித் துண்டுகளை எதிரெதிரே வைத்து, ஒரே பொத்தானில் மாற்றிக் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியை மட்டும் கேட்பது என் பழக்கம்: குரல் ஸ்நேர் டிரம்முக்கு மேலே நிற்கிறதா, கீழேயா? எதிரொலி வார்த்தை முடிந்த பிறகு எவ்வளவு நேரம் நீள்கிறது?

எடைக்கல் என்னை ஏமாற்றிய கதையும் உண்டு. மொரீசியஸின் நாட்டுப்புற இசையான சேகாவின் தாளத்தில் அமைந்த ஒரு தமிழ்ப் பாட்டை மிக்ஸ் செய்துகொண்டிருந்தேன். மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும், என் பேஸ் கிடார் ரெஃபரன்ஸ் டிராக்கின் பேஸைவிட மெலிந்தே கேட்டதால், அதை 6 டெசிபெல் ஏற்றினேன். மறுநாள் அண்ணனின் காரில் பாட்டைப் போட்டபோது கதவுப் பலகைகள் கிடுகிடுத்தன. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வால்யூமைக் குறைத்தார். பிழை சுரத்தில் இருந்தது. என் பாட்டின் பேஸ் ஜி என்ற சுரத்தைச் சுற்றி வந்தது. அதன் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ், அதாவது என் அறையின் நடுவில் காணாமல் போகும் அதே ஒலி. ரெஃபரன்ஸ் டிராக்கின் பேஸோ டி சுரத்தில், 73 ஹெர்ட்ஸில் நின்றது. அந்தச் சுரத்தை அறை தொடவில்லை. இரண்டு பொருள்களும் ஒரே கோளாறுக்கு உட்பட வேண்டும் என்ற போர்டாவின் நிபந்தனையை நான் மீறியிருந்தேன். அறைக் கோளாறு ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் வெவ்வேறாக இருப்பதால், தாழ்ந்த ஒலிகளை ஒப்பிட ஒரே சுருதியில் அல்லது அதற்கு நெருங்கிய சுருதியில் அமைந்த பாட்டையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நாற்காலியையும் நடுவிலிருந்து நகர்த்தி, முன்சுவரிலிருந்து நீளத்தின் மூன்றில் ஒரு பங்கில் போட்டேன். அங்கே அந்த நிலை அலையின் அழுத்தம் சுவரோரத்தில் உள்ளதில் பாதியாவது இருக்கும். பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியமே என்பதால், நடுவில் இருந்துகொண்டு ஈக்வலைசரைத் திருகிப் பயனில்லை.

குரலின் அளவைத் தீர்மானிப்பதில் வேறொரு வகையான ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. பாட்டை எழுதியவருக்கும் நூறு முறை கேட்டவருக்கும், குரல் இசைக்குள் அமிழ்ந்து கிடந்தாலும் சொற்கள் தெளிவாகவே கேட்கும்; செவிக்கு வராததை மூளை நிரப்பிக்கொள்கிறது. வீட்டில் கிரியோலும் பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் புழங்கும் நம் இளைஞர்களுள் பலருக்குத் தமிழ் கோவிலிலும் தமிழ் வகுப்பிலும் மட்டுமே காதில் விழுகிறது. அவர்களுக்கு அந்த நிரப்பல் எளிதில் நிகழாது. எனவே குரலுக்கு, எனக்குச் சொற்கள் தெரியாத, ஆனால் ஒவ்வோர் அசையும் பிரிந்து கேட்கிற ஒரு பாட்டையே ரெஃபரன்ஸ் டிராக்காக வைக்கிறேன். அதில் குரலுக்கும் இசைக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் நான் தன்னிச்சையாக வைத்ததைவிட ஓரிரு டெசிபெல் அதிகமாகவே இருக்கிறது.

சேகாவின் தோல்மேளமான ரவானுக்கு வரும்போது கடையில் கிடைக்கும் எடைக்கற்கள் குறைந்துபோகின்றன. கிக் டிரம்மும் தமிழ்க் குரலும் ரவானும் ஒன்றாக ஒலிக்கும் பாட்டுகள் அரிது. ஆகவே பேஸுக்கும் கிக் டிரம்முக்கும் ஒரு பாட்டு, குரலுக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. ரவானுக்கு மட்டும் எங்கள் பதிவில் முதலில் வாசித்ததையே ரெஃபரன்ஸாகக் கொள்கிறேன். ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டி இறுக்கிய பிறகே ரவானை வாசிப்பார்கள். நம் ஈரக்காற்றில் தோல் குளிர்ந்து தளர, சுருதி மெல்ல இறங்கி, அடி மந்தமாகிறது. நான்காவது முறை வாசித்த பதிவை முதல் முறை வாசித்த பதிவோடு அளவு சமன் செய்து மாற்றிக் கேட்டால், அந்த இறக்கம் எவ்வளவு என்பது உடனே தெரிந்துவிடுகிறது. ஈக்வலைசரைத் தொடலாமா, மேளக்காரரை மறுபடி அழைத்து நெருப்பு மூட்டச் சொல்லலாமா என்பதை அதைக் கேட்ட பிறகே முடிவு செய்கிறேன்.