கூப்பு: ஒரு மரவெட்டுச் சொல்லும் அதற்கு ஏற்ற தமிழும்

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்து மரக்கடைகளிலும் அறுவை மில்களிலும், மரம் வெட்டும் காட்டைக் குறிக்கும் ‘கூப்பு’ என்ற சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. ‘கூப்பு ஏலம்’, ‘கூப்புத் தடி’, மரம் ஏற்றிய லாரி இறங்கி வருவதற்காகக் காட்டுக்குள் போட்ட ‘கூப்பு ரோடு’ என்று அது பல சொற்களோடு ஒட்டி நிற்கும். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டைக்கு இச்சொல் புதிதன்று. மலைக்கு அப்பால் மலையாளத்திலும் இதே சொல், இதே பொருளில் வழங்குகிறது.

கைகூப்புவதில் உள்ள கூப்புக்கும் இதற்கும் உறவில்லை. ஒலி ஒத்துப்போனதால் தமிழ்ச்சொல் போலத் தோன்றுகிறது, அவ்வளவே. இது பிரெஞ்சு மொழியின் ‘கூப்’ என்னும் சொல். அம்மொழியில் ‘கூப்பே’ என்றால் வெட்டுதல். அந்த வினையும் ‘அடி, வீச்சு’ என்று பொருள்படும் ‘கூ’ என்னும் பெயரிலிருந்து பிறந்தது. அதற்கு மூலம் கைக்குத்தைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல். பிரெஞ்சுக்காரர் ஆளாத நெல்லைச் சீமைக்கு இச்சொல் வந்ததற்குக் காரணம் ஒரு பள்ளிக்கூடம். இந்திய வனத்துறைக்குத் தேர்வான ஆங்கில இளைஞர்கள் 1867 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிரான்சின் நான்சி நகரத்து வனவியல் பள்ளியில் பயிற்சி பெற்றார்கள். அங்கு கற்ற கலைச்சொற்களோடு அவர்கள் இங்கு வந்து திட்டங்களை எழுத, வனக் காவலர்களும் ஒப்பந்தக்காரர்களும் கூலியாட்களும் அவற்றைக் கேட்டுப் பழக, ‘ஷாப்’ ஷாப்பு ஆனதைப் போலக் ‘கூப்’ கூப்பு ஆயிற்று.

இன்றைய பேச்சில் கூப்பு என்றால் மரம் வெட்டும் காடு என்று மட்டுமே பொருள். வனவியலில் அதன் பொருள் இதைவிடக் கண்டிப்பானது. நானூறு ஹெக்டேர் தேக்குத் தோட்டம் ஒன்று இருப்பதாகவும், நாற்பது ஆண்டு வளர்ந்த மரத்தையே வெட்டுவது என்று முடிவாகியிருப்பதாகவும் கொள்வோம். தோட்டத்தை நாற்பது கூறாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கூறாகிய பத்து ஹெக்டேரை மட்டும் வெட்டி, உடனே அதில் மறுநடவு செய்துவிட வேண்டும். கடைசிக் கூறு வெட்டி முடியும்போது முதற்கூறு மறுபடி நாற்பது வயதுக்கு வந்திருக்கும். மண் வளம் எங்கும் ஒன்றாக இராதாகையால், மெலிந்த மண்ணில் கூற்றின் பரப்பைக் கூட்டியும் செழித்த மண்ணில் குறைத்தும், ஆண்டுதோறும் கிடைக்கும் மரத்தின் அளவைச் சமப்படுத்துவார்கள். அந்த ஆண்டுக்குரிய ஒரு கூறுதான் கூப்பு. ஆகவே இச்சொல்லுக்குள், வெட்டப்படும் ஒரு பங்கைப் போலவே, நிற்க வேண்டிய முப்பத்தொன்பது பங்குகளும் அடங்கியிருக்கின்றன. பேச்சுவழக்கில் அந்த முப்பத்தொன்பதும் உதிர்ந்துபோயின என்பதுதான் என் வருத்தம்.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையான எண்ணத்தை 1713-ல் ஜெர்மனியின் சாக்சனியில் கார்லோவிட்ஸ் என்ற சுரங்க நிர்வாகி எழுதிவைத்தார். வெள்ளிச் சுரங்கங்களும் உலைகளும் காடுகளைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. வளர்கிற அளவுக்கு மேல் வெட்டாதே என்பது அவர் சொன்னதன் சாரம். இதை இக்காலத் தமிழில் ‘நீடித்த விளைச்சல்’ என்கிறார்கள். நீடித்த என்பது காலத்தை மட்டுமே சொல்கிறது; ‘வளங்குன்றா விளைச்சல்’ அதனினும் மேல். குறள் நாட்டுக்கு இலக்கணம் சொல்லும்போது முதலில் வைக்கும் ‘தள்ளா விளையுள்’ என்ற தொடருக்குக் குறையாத விளைச்சல் என்பதே பொருள். வயலுக்குச் சொன்னது காட்டுக்கும் தடையின்றிப் பொருந்தும்.

கூப்புக்குள் வெட்டும் முறை ஒன்றல்ல. எல்லா மரத்தையும் ஒருசேர வெட்டுவது முழுவெட்டு. பருத்து முற்றிய மரங்களை மட்டும் குறியிட்டு எடுத்து, இளமரங்களை விட்டுவைப்பது தேர்வெட்டு. விதைக்காகவும் நிழலுக்காகவும் சில தாய்மரங்களை நிறுத்துவது இன்னொன்று. அடிக்கட்டையிலிருந்து மறுதளிர் எடுக்கும் முறைக்குக் கரும்பிலும் சோளத்திலும் வழங்கும் ‘மறுதாம்பு’ என்ற சொல்லே போதும். மறுதாம்புக்கு வெட்டும்போது கை பக்குவம் வேண்டும்: கூரிய கருவியால், தரையை ஒட்டி, மழைநீர் தேங்காமல் வழிந்துவிடும்படி சரிவாக, பட்டை கிழியாமல் வெட்ட வேண்டும். அப்படி வெட்டிய தேக்குக் கட்டையில் வெடிக்கும் தளிரின் இலைகள் பெருமரத்து இலைகளைவிடப் பெரிதாக விரியும். இளம் இலையைக் கசக்கினால் விரல் சிவக்கும். தளிர்கள் கொத்தாக எழும்பும். அவற்றுள் வலுவான ஒன்றிரண்டை நிறுத்தி மற்றவற்றைக் கழித்துவிடுவார்கள்.

எல்லா மரவெட்டும் கூப்பு ஆகிவிடாது. சிங்கம்பட்டி ஜமீன் காட்டில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. அங்கே மாஞ்சோலை முதலிய எஸ்டேட்டுகளுக்காக மழைக்காடு வெட்டப்பட்டதைக் கூப்பு என்று எழுதுவது பிழை. காடு திரும்பி வளர அங்கே முறை ஏதும் வைக்கப்படவில்லை, அது காடழிப்பு. மாறாக, 1988-ல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறையில் வணிகத்துக்கு வெட்டுவதற்கே இடமில்லை. தாமிரபரணிக்கு நீர் சுரக்கும் அக்காட்டின் தள்ளா விளையுள் தண்ணீர்தான்.

இனித் தமிழ்ச்சொல். ‘வெட்டுக்காடு’, ‘மரவெட்டுப் பகுதி’ என்பன இடத்தைக் காட்டுகின்றனவே தவிர முறையைக் காட்டவில்லை. ‘வெட்டுக்கூறு’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன். கூறு என்று சொன்னவுடன் முழுமை ஒன்று உண்டு, அதில் இது ஒரு பங்கு என்பது கேட்பவருக்கு விளங்கிவிடும். ஆண்டுக்கு ஒன்றாக வருவதை ‘ஆண்டுக்கூறு’ எனலாம். முதல்வெட்டுக்கும் மறுவெட்டுக்கும் இடைப்பட்ட காலத்தை ‘வெட்டுச்சுற்று’ எனலாம்.

நம் குளங்களில் வளர்த்த கருவேல மரங்களை ஏலம் விடும் அறிவிப்புகளிலும் இச்சொல்லைக் கையாளலாம். ‘குளத்து மரங்கள் ஏலம்’ என்று மொத்தமாக எழுதுவதற்குப் பதிலாக, இந்த ஆண்டுக்கூறு எது, எஞ்சிய கூறுகள் எவை என்று எல்லை காட்டி எழுத வேண்டும். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கூடு கட்டும் கூந்தன்குளம் போன்ற ஊர்களில், கூடுள்ள மரங்களை எந்தக் கூற்றிலும் சேர்க்கலாகாது. அவற்றை ‘விலக்கு மரங்கள்’ என்று தனியே குறிக்க வேண்டும்.