தொட்டியை மாற்றுவதா, பிரித்துக் கட்டுவதா?

எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கலங்கிய தண்ணீர், சுருங்கிப்போன பவளம், மூலையில் ஒதுங்கி நிற்கும் ஒரு கிளவுன் மீன், கீழே ஒரு கேள்வி: "தம்பி, புதுசா வாங்கிடலாமா, இல்ல இதையே சரி பண்ணிடலாமா?" சென்னையில் வீடு வீடாகப் போய்க் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. படத்தை வைத்துப் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. கேட்பவர் மாற்ற நினைப்பது ஒன்றாகவும், வீட்டில் உண்மையில் கெட்டிருப்பது இன்னொன்றாகவும் இருக்கும். தண்ணீர் கெட்டவர் கண்ணாடியை மாற்றப் பார்ப்பார், கண்ணாடிகளை இணைக்கும் சிலிக்கான் ஒட்டு விட்டுப்போனவர் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பார்.

வேளச்சேரியில் ஒரு வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. 2014-இல் வாங்கிய நாலடித் தொட்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அவர் தெருவில் தண்ணீர் நின்று மூன்று நாள் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் ஓடின, தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கரை அதில் இணைக்க யாருக்கும் தோன்றவில்லை. நீரோட்டம் நின்றால் ஆக்சிஜன் உள்ளே போகாது. இருப்பதையும் மீனோடு சேர்ந்து பாறையில் வாழும் பாக்டீரியாவும் இழுத்துக்கொள்ளும். நான் வடிந்த தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தபோது இரண்டு கிளவுன் மீன்களும் லெதர் கோரல் என்ற பெரிய மென்பவளம் ஒன்றும்தான் மிச்சம். வீடு முழுக்க நாற்றம். "எல்லாத்தையும் தூக்கிப் போடு தம்பி, புதுசு ஒண்ணு ஆர்டர் பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

போடவில்லை. கசிவு இருக்கிறதா என்று தெரிய, தொட்டியின் அடி ஒட்டு நெடுக டிஷ்யூ பேப்பரைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துச் செருகிவிட்டு, தண்ணீரை மட்டும் கவனித்தேன். அம்மோனியா டெஸ்ட் அடர்பச்சை காட்டியது, அதாவது படு மோசம். செத்ததை எல்லாம் பொறுக்கி எடுத்து, வாரத்துக்கு மூன்று முறை நாற்பது சதவீதம் தண்ணீர் மாற்றி, ஆறு வாரத்தில் லெதர் கோரல் மறுபடி விரிந்தது. டிஷ்யூ முதல் நாள் செருகியபோது எப்படிக் காய்ந்திருந்ததோ அப்படியே இருந்தது. அந்தத் தொட்டிக்கு ஒரு குறையும் இல்லை. பாறை முழுக்கச் சுண்ணாம்புப் பாசியின் ஊதாப் பூச்சு ஏறியிருந்தது, அம்மோனியாவைச் சிதைக்கும், ஒன்பது வருடம் வளர்ந்த பாக்டீரியா உள்ளே இருந்தது. தூக்கிப் போட்டிருந்தால் புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியா வளர அதே ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், காசும் போயிருக்கும்.

இந்த டிஷ்யூ வேலையை நீங்களே செய்யலாம். ஒட்டின் வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் படிந்தால் உடனே கசிவு என்று பயப்பட வேண்டாம், மேலே ஸ்கிம்மரிலிருந்து (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) தெறிக்கும் துளியும் கண்ணாடியில் வழிந்து அங்கேதான் வந்து காயும். ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, ராத்திரி டிஷ்யூ செருகிவிட்டுப் படுங்கள். காலையில் கீழ்முனை நனைந்திருந்து மேலே வழிந்த தடம் இல்லை என்றால் அது ஒட்டுதான்.

அடுத்தது டார்ச். இரண்டு கண்ணாடி விளிம்புகளுக்கு நடுவே மெல்லிய படலமாக இருக்கும் சிலிக்கான்தான் தொட்டியைத் தாங்குகிறது. உள்மூலையில் தடிமனாகத் தெரியும் பட்டை அதற்குக் காவல் மட்டும். பாசி சுரண்டும் பிளேடு பட்டுக் காவல் பட்டை உரிந்திருந்தால் தொட்டியைக் காலி செய்து, பட்டையை முழுக்க வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போடலாம். நடுப்படலத்தில் குமிழிகள் இருந்தால் மார்க்கரால் அவற்றின் ஓரத்தைக் கண்ணாடி மேல் வரைந்து தேதி போட்டு வையுங்கள். கட்டும்போதே விழுந்த குமிழி அசையாது. ஒரு மாதத்தில் கோட்டைத் தாண்டி வளர்ந்தால் அந்த ஒட்டு போய்விட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் பட்டை பூசி ஏமாறக் கூடாது.

ஏமாந்தவன் நான். தொழிலுக்கு வந்த புதிதில் என் வீட்டு மூன்றடித் தொட்டி கீழ்மூலையில் சொட்டியது. காலி செய்யச் சோம்பேறித்தனம், வெளிப்பக்கமாக ஒரு கோடு சிலிக்கான் இழுத்துவிட்டேன். உள்ளிருந்து தண்ணீர் தள்ளும்போது வெளியே ஒட்டியது எப்படி நிற்கும்? போதாக்குறைக்குப் பழைய சிலிக்கான் மேல் புது சிலிக்கான் சரியாக ஒட்டவும் ஒட்டாது, அப்போது அது தெரியாது. பதினோரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கீழ் வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார், அவர் வீட்டுக் கூரையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுத்த செலவில் இரண்டு தொட்டி வாங்கியிருக்கலாம்.

ஆக, நடு ஒட்டு போயிருந்தால் கண்ணாடிகளைத் தனித்தனியாகப் பிரித்து, பிளேடால் சுரண்டி, அசிட்டோன் போட்டுத் துடைத்து, முதலிலிருந்து கட்ட வேண்டும். என் கணக்கில் நாலடி வரைக்கும் இது வீண் வேலை, கூலியைப் பார்த்தால் சென்னையின் மீன்தொட்டிக் கடைகள் இருக்கும் கொளத்தூரில் புதிதாகவே கட்டி வாங்கிவிடலாம். ஆறடிக்கு மேல், லிஃப்டில் ஏறாத அளவு, வீட்டுக்குள்ளேயே வைத்துக் கட்டிய தொட்டி என்றால் பிரித்துக் கட்டுவதில் அர்த்தம் உண்டு. விளிம்பில் சில்லுப் பெயர்ந்த கண்ணாடியை மட்டும் மறுபடி உபயோகிக்காதீர்கள். முகப்பில் லேசான கீறல் இருந்தால் அது வெறும் அழகுக் குறை. சிலிக்கான் வாங்கும்போது குளியலறைக்கு விற்பதை எடுத்துவிடக் கூடாது, பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதில் மருந்து கலந்திருப்பார்கள், அது மீனைக் கொல்லும். கட்டிய பிறகு வினிகர் வாசனை முழுக்கப் போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், தொடவே தொடாதீர்கள். சிலிக்கான் காற்றின் ஈரத்தை வைத்துத்தான் இறுகும், சென்னைப் புழுக்கத்தால் எனக்குக் கிடைக்கும் ஒரே லாபம் இதுதான்.

ஸ்டாண்டை யாரும் பார்ப்பதே இல்லை. 4x2x2 அடித் தொட்டியில் சுமார் 450 லிட்டர் பிடிக்கும், தண்ணீரே 460 கிலோவைத் தாண்டும். 12 மில்லிமீட்டர் கண்ணாடி இன்னொரு 90 கிலோ, அப்புறம் பாறை, மணல், கீழே சம்ப். (சம்ப் என்றால் தொட்டிக்கு அடியில் இருக்கும் ஃபில்டர் பெட்டி. ஒருவரிடம் "சம்ப் கழுவணும் சார்" என்றேன், அவர் லாரித் தண்ணீரை நிறுத்திவிட்டுத் தரைத்தொட்டி மூடியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.) இத்தனையும் நிற்பது உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் இரும்பு ஆங்கிள் மேல், இல்லையென்றால் அடி விளிம்பு ஊறி உப்பிய பிளைவுட் மேல். தொட்டி காலியாகும் அன்றைக்கே ஸ்டாண்டில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், கொத்தனார் டியூப் லெவலால் மட்டம் பாருங்கள், தொட்டிக்கு அடியில் விரித்த தெர்மாகோல் நசுங்கியிருந்தால் மாற்றுங்கள். நல்ல தொட்டி ஒட்டு விடுவதை நான் பார்த்ததில் பாதி ஸ்டாண்ட் ஒரு பக்கம் இறங்கியதால்தான். பழைய அபார்ட்மென்ட் என்றால் பெரிய தொட்டியைத் தூணும் உத்திரமும் இருக்கும் சுவரோரம் வையுங்கள், அதற்கு முன் ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பாறை விஷயம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். புதுத் தொட்டி வந்ததும் "எல்லாம் சுத்தமா ஆரம்பிக்கலாம்" என்று பழைய பாறையைக் கொதிக்கும் தண்ணீரில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். நம் தொட்டிகளில் சாதாரணமாக வளரும் பட்டன் பாலிப் (பவளத்தின் உறவான, பட்டன் வடிவச் சிறு கடலுயிர்) வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு உண்டு, கடலில் கிடைக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. கொதிக்கவைத்தால் அது அழியும் என்று நினைக்கிறோம், நடப்பது ஆவியோடு சேர்ந்து அது வீடு முழுக்கப் பரவுவது. மூச்சுத்திணறல், காய்ச்சல், நெஞ்சுவலி என்று குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. வெந்நீர் ஊற்றுவது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது, பிரஷர் வாஷர் அடிப்பது எல்லாமே அதே ஆபத்துதான். பாலிப்பை எடுத்தே தீரவேண்டும் என்றால் பாறையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே, கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, குழந்தைகளையும் நாயையும் வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். அப்புறம் உடம்புக்கு முடியாமல் போனால் டாக்டரிடம் தொட்டி விவரத்தைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் ஃப்ளூ என்றுதான் நினைப்பார்.

பாறையைக் காப்பாற்றுங்கள், மணலை விட்டுவிடுங்கள். வருடக்கணக்கில் கிளறாத ஆழமான மணலின் அடியில் ஆக்சிஜன் இருக்காது, கறுத்துப்போய் அழுகிய முட்டை வாசனை வரும். அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு மீனுக்கு விஷம். மீன் உள்ளே இருக்கும்போது மணலைக் கிளறவே கூடாது. மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்து எப்போதாவது செம்பு மருந்து ஊற்றியிருக்கிறீர்களா? அப்படியானால் பாறையையும் நம்ப முடியாது, செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக விடும், இறாலும் நத்தையும் பிழைக்காது. பழைய தொட்டியை யாரிடமாவது வாங்கும்போது முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

புதுசு போடும்போது "தூத்துக்குடிப் பக்கம் சொல்லி நாலு பவளக் கல் வாங்கித் தர்றேன்" என்று யாராவது சொல்வார்கள். கல்பவளங்கள் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டையும் அப்படித்தான். செத்துக் கரையொதுங்கிய கல்லுக்கும் விலக்கு இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இலேயே தேசியப் பூங்கா ஆனவை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அங்கே பவளத்தை வெட்டி எடுத்த காலத்துக்குப் பிறகு அவற்றில் இரண்டு நீருக்குள் போயே விட்டன. எனக்குச் செராமிக் பாறை போதும், இரண்டு வருடத்தில் அதுவும் ஊதா ஏறிவிடுகிறது. லெதர், காளான், பட்டன் வகைகளுக்கும் ரசீது இல்லாமல் வாங்குவதில்லை.

மாற்றும் நாளில் அவசரம்தான் எதிரி. முந்தின நாளே ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக உப்புக் கரைத்து, பம்ப் ஓடவிட்டு, அடர்த்தி 1.025 வருகிறதா பாருங்கள். பாதித் தண்ணீரைப் பெரிய நீல டிரம்மில் எடுத்துப் பாறையையும் பவளத்தையும் அதில் போடுங்கள், தொட்டியில் முழங்கை அளவு தண்ணீர் நிற்கும்போது மீன் சுலபமாகப் பிடிபடும். டிரம்மில் வேவ் மேக்கரும் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனும் நிற்காமல் ஓட வேண்டும், மே மாதம் என்றால் அந்த அறையில் ஏசியும். டிரம்மில் ஒரு வாரம் தாங்கும், தினம் அம்மோனியா பார்த்தால். ஒட்டு காய ஒரு வாரம், தண்ணீர் நிரப்பிச் சோதிக்க இன்னொரு வாரம் என்று கணக்குப் போட்டால், ரிப்பேர் செய்கிறவருக்கு டிரம் போதாது, இரவல் தொட்டி ஒன்று தேவை. பல பேருக்கு இந்த ஒரு கணக்கே மாற்றிவிடுவது மேல் என்று சொல்லிவிடும். கையோடு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுவிடுங்கள்.

வேளச்சேரி சார் போன வருடம் மறுபடி கூப்பிட்டார். ஒட்டு, ஸ்டாண்ட், தண்ணீர் மூன்றும் சரியாக இருந்தன. அவருக்கு முழங்கால் ஆபரேஷன், இருபது லிட்டர் கேனைத் தூக்க முடியவில்லை. "இப்பவாவது மாத்தலாமா?" என்றார். மாற்றினோம், 190 லிட்டர் பிடிக்கும் மூன்றடித் தொட்டி, பழைய பாறையில் பாதி, அதே இரண்டு கிளவுன் மீன்கள். தண்ணீர் மாற்ற இப்போது ஒரு கேன் போதும், அதையும் பேரன் தூக்குகிறான். கூலியாக நாலடித் தொட்டியை அவன் எடுத்துக்கொண்டான், அவன் அறையில் அது கப்பி மீன்களோடு நிற்கிறது.