நாளைக்கு டிஸ்சார்ஜ்: பக்கவாத நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போகும் முன்

காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி, மிச்ச மருந்தை ஃபார்மசியில் திருப்பிக் கொடுத்து, பில் போட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் இறுதி அனுமதி வந்து, ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும்போது இரவு ஏழு மணி. வீடு போய்ச் சேர ஒன்பது. தெருமுனை மருந்துக்கடை ஷட்டரை இறக்கிவிட்டது. எட்டு மணி மாத்திரை வார்டிலேயே கொடுத்தாயிற்றா, இனிமேல்தான் கொடுக்க வேண்டுமா என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. மூக்கில் குழாய், கட்டிலோரம் சிறுநீர்ப் பை, அசையாத ஒரு பக்கம். மூன்று ஷிஃப்டில் நர்ஸுகள் மாறி மாறிப் பார்த்த வேலை இப்போது வீட்டில் ஒரே ஒருவரின் கைக்கு வந்துவிட்டது.

அந்தக் கைமாற்றத்தைச் சரியாக நடத்துவதுதான் கேஸ் மேனேஜரின் வேலை. நம் மருத்துவமனைகளில் இந்தப் பதவிப் பெயர் அவ்வளவாகக் கிடையாது. சில இடங்களில் டிஸ்சார்ஜ் கோஆர்டினேட்டர் என்பார்கள், அரசு மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணியாளர் இதில் ஒரு பகுதியைப் பார்ப்பார், பல இடங்களில் வார்டு சிஸ்டரே பார்ப்பார். யாருமே இல்லாத இடத்தில் குடும்பத்தில் ஒருவர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவருக்காகவும், இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காகவும்தான் இது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: வீட்டில் கையால் செய்யப்போவது யார்? டாக்டரிடம் பேசுகிறவர் பெரும்பாலும் மூத்த மகன். அவர் பெங்களூரிலோ துபாயிலோ வேலை பார்ப்பார், அடுத்த வாரம் கிளம்பிவிடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் படுக்கவைக்கப்போவது மனைவியோ மருமகளோ மகளோ. அவர் வார்டு வாசலில் சாப்பாட்டுக் கூடையோடு நிற்பார். அவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். பயிற்சி அவருக்குத்தான் வேண்டும். கடைசி நாளில் அரை மணி நேரம் போதாது. டிஸ்சார்ஜுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்கி, சிஸ்டர் செய்வதை ஒருநாள் பார்க்க வேண்டும், மறுநாள் சிஸ்டர் பக்கத்தில் நிற்க அவரே செய்ய வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். "எப்படிக் கொடுப்பீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேட்டால்தான் எது புரியவில்லை என்பது தெரியும். கூடவே இரண்டாவது ஆள் ஒருவருக்கும் கற்றுத்தர வேண்டும். முதல் ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் வீடு நின்றுபோய்விடக் கூடாது.

நல்ல நாள் பார்த்துத்தான் வீட்டுக்கு அழைத்துப் போவோம், அமாவாசையன்று வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய. அதில் தவறில்லை. இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். எந்த நாளானாலும் பகல் இரண்டு மணிக்குள் வீடு சேர்வதுபோலத் திட்டமிடுங்கள். சனிக்கிழமை மாலை டிஸ்சார்ஜைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சந்தேகம் வந்தால் போனை எடுக்க ஆளிருக்காது.

ஒரு வாய் காப்பி

திரும்பவும் மருத்துவமனைக்கு வருபவர்களில் பலர் இன்னொரு பக்கவாதத்தால் வருவதில்லை, நிமோனியாவால் வருகிறார்கள். பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் பலவீனமாகிவிடும். அதனால்தான் மூக்கு வழியே ரைல்ஸ் குழாய் போடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும், "பாவம், பத்து நாளாக வாயில் எதுவும் படவில்லை" என்று யாராவது பாசத்தில் ஒரு வாய் காப்பி கொடுப்பார்கள். தண்ணீர், காப்பி, ரசம் போன்ற நீர்த்த பானங்கள்தான் இருப்பதிலேயே ஆபத்தானவை. வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். பலருக்குப் புரையேறும், இருமல் வரும். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே போய்விடும். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலும் இளைப்புமாகத்தான் வெளியே தெரியும். விழுங்கும் திறனைச் சோதித்து, வாயால் கொடுக்கலாம் என்று டாக்டரோ பேச்சுப் பயிற்சியாளரோ சொல்லும் வரை ஒரு ஸ்பூன்கூடக் கூடாது. பார்க்க வரும் உறவினருக்கும் தெரியும்படி கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

குழாயில் கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். மூக்கு விளிம்பில் குழாய் எந்த எண்ணில் நிற்கிறது என்று டிஸ்சார்ஜ் அன்றே குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைப் பாருங்கள். சிரிஞ்சால் லேசாக இழுத்தால் வயிற்று நீர் வர வேண்டும். காற்றைச் செலுத்தி வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் பழைய முறையை மட்டும் நம்பாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விட்ட குழாயிலும் அந்தச் சத்தம் கேட்கும். முந்தைய வேளை கொடுத்ததில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தால், ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. உங்கள் நோயாளிக்கு எவ்வளவு என்பதை டயட்டீஷியன் எழுதித் தர வேண்டும். 50 மில்லி சிரிஞ்சின் உலக்கையைக் கழற்றிவிட்டு, தானாக இறங்கும்படி விடுங்கள். அழுத்தித் தள்ளினால் வாந்தி வரும். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். சத்துமாவுக் கஞ்சியை மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரை 50 மில்லி சிரிஞ்சில் மெதுவாகச் செலுத்திப் பார்க்கலாம். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாய் கிழிந்துவிடும். குழாய் பிடுங்கப்பட்டு வெளியே வந்துவிட்டால் வீட்டில் யாரும் திரும்ப நுழைக்கக் கூடாது.

சர்க்கரை நோயாளியாக இருந்தால் இங்கே இன்னொரு ஆபத்து இருக்கிறது. இன்சுலின் போட்டுவிட்டார்கள், அதற்குப் பிறகு பார்த்தால் குழாய் வெளியே வந்து கிடக்கிறது. உணவு உள்ளே போக வழியில்லை, இன்சுலின் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. விழுங்க முடியாதவருக்கு வாயில் சர்க்கரையைப் போடவும் முடியாது. எனவே குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ஃபீட் (குழாயில் கொடுக்கும் உணவு) கையில் தயாரான பிறகுதான் இன்சுலின். இந்த வரிசை மாறக் கூடாது. மாறிப்போனால் உடனே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தாலோ, வியர்த்து மயக்கமாக இருந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

மருந்துப் பை

பக்கவாதம் வருவதற்கு முன்பே பலர் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். வீட்டு டப்பாவில் பழையவை இருக்கும், மருத்துவமனை புதிய பட்டியல் ஒன்றைக் கொடுக்கும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பிராண்ட் பெயர் வேறு வேறாக இருக்கும், உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கும். வீட்டில் ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் தனி மாத்திரை. புதிய சீட்டில் டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரை. இரண்டையும் போட்டால் அம்லோடிபின் இரண்டு மடங்கு. எழுந்து உட்காரவைக்கும்போது தலைசுற்றி விழுவார், கால் வீங்கும். இதைத் தடுக்கும் வழி எளிது: டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு வார்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு அட்டையையும் எடுத்து, இது தொடர வேண்டுமா, நிறுத்த வேண்டுமா, அளவு மாறியிருக்கிறதா என்று டாக்டரிடமோ ஃபார்மசிஸ்டிடமோ கேளுங்கள். நிறுத்தச் சொன்னவை டப்பாவுக்குத் திரும்பப் போகக் கூடாது.

ரத்தக் குழாய் அடைப்பால் வந்த பக்கவாதம் என்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இரண்டும் எழுதியிருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதற்குக் கால வரம்பு உண்டு. சிறிய பக்கவாதத்துக்குப் பெரும்பாலும் 21 நாள், சிலருக்கு 90 நாள் வரை. அதன்பின் ஒன்றை நிறுத்த வேண்டும். அந்தத் தேதி சம்மரியில் இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். தேதி இல்லாத சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் இரண்டையும் வாங்கிச் சாப்பிட்டு, வயிற்றில் ரத்தக்கசிவோடு வருவது நடக்கிறது. உறைவைத் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரின் எழுதியிருந்தால், ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் சோதனையின் முதல் தேதி ஒரு வாரத்துக்குள் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். உடம்பு வலிக்கிறது என்று கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, மேலே சொன்ன எந்த மருந்தோடும் சேரக் கூடாது.

குழாயில் கொடுப்பதற்காக எல்லா மாத்திரைகளையும் சேர்த்து இடித்துக் கரைப்பதும் தவறுதான். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், சிஆர் என்று இருப்பவை நாள் முழுக்க மெதுவாகக் கரைவதற்காகச் செய்யப்பட்டவை. இடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் சேரும். இவற்றுக்கு மாற்று எழுதித் தரச் சொல்லுங்கள். மற்றவற்றைத் தனித்தனியாகப் பொடித்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொடுக்க வேண்டும்.

சம்மரி ஆங்கிலத்தில் இருக்கும். ஓடி (நாளுக்கு ஒரு முறை), பிடி (இரண்டு முறை), டிடிஎஸ் (மூன்று முறை), எஸ்ஓஎஸ் (தேவைப்பட்டால் மட்டும்) என்று சுருக்கெழுத்து. அதோடு வீட்டில் கையால் கொடுப்பவருக்குத் தெரிந்த மொழியில் ஒரு பக்கத் தாள் வேண்டும்: வேளை, மருந்து, எதற்கு, எத்தனை நாள். டிஸ்சார்ஜ் அன்று கடைசியாக எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பதை அந்தத் தாளில் முதல் வரியாக எழுதுங்கள். ஒரு வாரத்துக்கான மருந்தை வாங்கிக்கொண்டுதான் மருத்துவமனையை விட்டுக் கிளம்ப வேண்டும்.

முதுகும் சிறுநீர்க் குழாயும்

சிறுநீர்க் குழாயைப் பற்றிக் கேட்க வேண்டியது, "இது இன்னும் எதற்கு?" தேவை முடிந்த பிறகும் கவனிக்காமல் விட்ட குழாயோடு வீட்டுக்கு அனுப்புவது உண்டு. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. அவசியம்தான் என்றால், எந்த வகைக் குழாய், எந்தத் தேதியில் மாற்ற வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பை எப்போதும் இடுப்பு மட்டத்துக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும். ஆளைத் தூக்கி மாற்றும்போது பையை மார்மேல் வைத்துவிடுவார்கள். தேங்கிய சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். நாலைந்து மணி நேரமாகப் பையில் எதுவும் சேரவில்லை, அடிவயிறு உப்பியிருக்கிறது என்றால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

படுக்கைப் புண்ணுக்கு ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். அந்த மெத்தை உதவும், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுவதற்கு அது மாற்று ஆகாது. முழுதாக ஒருக்களிக்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் இடுப்பு எலும்பின் மேல் பாரம் குறையும். தினமும் குளிப்பாட்டித் துடைக்கும்போது வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், கணுக்கால், பின்தலை ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. அங்கே தேய்க்காதீர்கள், வளையத் தலையணை வைக்காதீர்கள், அந்தப் பக்கம் பாரம் படாமல் பாருங்கள். அசையாத கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதும் கூடாது. தோள்பட்டை மூட்டு நழுவி, பிறகு பல மாதம் வலிக்கும்.

பணமும் காகிதமும்

காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ ஆணையம் 2024-இல் வெளியிட்ட விதிப்படி, மருத்துவமனை டிஸ்சார்ஜ் கோரிக்கை அனுப்பிய 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும். தாமதத்தால் கூடும் மருத்துவமனைக் கட்டணத்தை நிறுவனமே ஏற்க வேண்டும். பெரும்பாலான தனியார் பாலிசிகளில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மருந்து, பரிசோதனைச் செலவையும் குறிப்பிட்ட நாள் வரை கோரலாம். ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் அது 60 நாள். அசல் பில்லும் டாக்டர் சீட்டும் இருந்தால்தான் கிடைக்கும். ஸ்கேன் சிடி, சம்மரியின் இரண்டு நகல், இன்னும் வராத பரிசோதனைகளின் பட்டியல் ஆகியவற்றையும் வாங்குங்கள். கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். அதை யார் பார்த்து உங்களுக்குச் சொல்வார் என்று பெயரும் போன் எண்ணும் கேட்டு வையுங்கள்.

வீட்டுக்கு ஆள் அமர்த்தும்போது அட்டெண்டர் வேறு, நர்ஸ் வேறு என்பது தெரிந்திருக்க வேண்டும். ஊசி போடுவதும் குழாய் மாற்றுவதும் பதிவு பெற்ற நர்ஸின் வேலை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மருந்துகளோடு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. சம்மரி நகலோடு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். இந்தத் திட்டம் இருப்பதைச் சொல்லாமலேயே பல குடும்பங்களை அனுப்பிவிடுகிறோம் என்பது எங்கள் துறையில் இருக்கும் குறை.

முதல் வாரம்

வீட்டுக்குப் போன இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் கேஸ் மேனேஜர் போன் செய்ய வேண்டும். "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்று முடிந்துவிடும். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும்: நேற்று எத்தனை முறை ஃபீட் கொடுத்தீர்கள்? பையில் சிறுநீர் எவ்வளவு, என்ன நிறம்? கடைசியாக மலம் எப்போது போனார்? மாத்திரை அட்டைகளைக் கையில் எடுத்துப் பெயர் படியுங்கள். இன்று காலை முதுகைப் பார்த்தீர்களா? பேச மாட்டேன் என்கிறாரா, காரணமில்லாமல் அழுகிறாரா? பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது மிகச் சாதாரணம், அதற்கு மருந்து உண்டு. வீட்டில் அதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடைசியாக, பார்த்துக்கொள்பவரிடம்: நீங்கள் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், உங்கள் பிரஷர் மாத்திரையைப் போட்டீர்களா?

அப்படி யாரும் போன் செய்யாவிட்டால் இதே கேள்விகளுக்கு விடையை ஒரு நோட்டில் நீங்களே தினம் எழுதுங்கள். ஏழு முதல் பத்து நாளில் வரும் முதல் ரிவியூவுக்கு அந்த நோட்டு, சாப்பிட்டு முடித்த அட்டைகள், சம்மரி மூன்றையும் கொண்டுபோங்கள். அதற்கு முன்பே வாய் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது புதிதாகத் தெரிந்தால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் இருக்கிறது, அந்தக் கணக்கு நீங்கள் குறித்த மணியிலிருந்தே தொடங்குகிறது.