ஜியாமெட்ரி பாக்ஸில் கிடந்த சீட்டு

பள்ளி முகாமுக்குப் போனால் கண் பரிசோதனைக்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கும். வராண்டா ஜன்னல் கம்பியில் எழுத்துப் பலகையை மாட்டி, ஆறு மீட்டர் அளந்து தரையில் சாக்பீஸால் கோடு போடுவோம். வரிசையில் நிற்கிற பிள்ளைகள், முன்னால் நிற்பவர் சொல்வதைக் கேட்டே எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதனால் வரியைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிச் சொல்லச் சொல்வேன். போன வருஷம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதில்தான் மாட்டினாள். மளமளவென்று ஒப்பித்துக்கொண்டு வந்தவள், திருப்பிக் கேட்டதும் மூன்றாவது வரியைத் தாண்டவில்லை.

"இதுக்கு முன்னாடி யாராவது கண்ணைப் பாத்தாங்களாம்மா?" என்றேன். ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, காம்பஸுக்கு அடியில் நான்காக மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அவள் ஏழாவது படித்தபோது ஒரு முகாமில் எழுதிக் கொடுத்தது. பார்வைக் குறைபாடு, அரசு மருத்துவமனை கண் பிரிவுக்குப் போகவும் என்று இருந்தது.

"அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போயிடும் டாக்டர். லீவுல போலாம்னாங்க."

அந்த லீவு இரண்டு வருஷமாக வரவில்லை.

சீட்டு எழுதிய டாக்டர் மேல் தப்பில்லை, அவர் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். சீட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில்தான் ஆளே இல்லை. பள்ளி மருத்துவத்தின் வரலாற்றைப் படித்தால், தொடக்கத்திலிருந்தே ஓட்டை இதே இடத்தில்தான் இருந்திருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது, வந்த இளைஞர்களில் ஏராளமானோர் உடல் தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டது இங்கிலாந்தை உலுக்கியது. 1904இல் ஓர் அரசுக் குழு, பிள்ளைகளைப் பள்ளியிலேயே பரிசோதிக்க வேண்டும் என்றது. 1907இல் சட்டம் வந்தது, 1908 முதல் தொடக்கப் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை கட்டாயமானது. டாக்டர் ஜார்ஜ் நியூமன் கல்வி வாரியத்தின் தலைமை மருத்துவ அதிகாரியானார். சொத்தைப் பல், சீழ் வடியும் காது, மங்கிய கண், பேன், படர்தாமரை என்று ஒவ்வொன்றும் அட்டையில் ஏறியது.

சரி, அப்புறம்? பரிசோதனையைக் கட்டாயமாக்கிய சட்டம், சிகிச்சையை உள்ளாட்சிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. போதாததற்கு, சிகிச்சைச் செலவைக் கட்ட முடிந்த பெற்றோரிடமிருந்து வசூலிக்கச் சொல்லி 1909இல் இன்னொரு சட்டம் வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்காக உழைத்த மார்கரெட் மெக்மில்லனும் அக்கா ரேச்சலும் 1908இல் லண்டனின் கிழக்கே 'போ' (Bow) என்ற பகுதியிலும், 1910இல் டெப்ட்ஃபோர்டிலும் பிள்ளைகளுக்கென்றே கிளினிக் திறந்தார்கள். சிகிச்சைக்கு அரசு மானியம் 1912இல்தான் வந்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் பள்ளி நர்ஸுகள். பரிசோதனை முடிந்த பிறகு வீடு தேடிப் போய், காட்டினீர்களா, மருந்து போடுகிறீர்களா என்று அவர்கள் விசாரித்தார்கள்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இன்னும் காத்திருந்தார்கள். 1918 சட்டம் அவர்களுக்கும் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. சிகிச்சையோ, தொடக்கப் பள்ளியில் படிக்கும் தம்பிக்கு உள்ளாட்சியின் கடமை, மேல்வகுப்பில் படிக்கும் அக்காவுக்கு விருப்பம் என்று ஆனது. அரசு ஆதரவு பெறும் எல்லாப் பள்ளிகளிலும் இலவச சிகிச்சை என்று 1944 சட்டம்தான் சொன்னது.

நம் நாட்டில் 1909இல் பரோடாவில் முதன்முதலாகப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். ஆனாலும் 1946இல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழு பார்த்தபோது, பள்ளி மருத்துவ சேவை என்று சொல்லிக்கொள்ள நாட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பிறகு 1952-53இல் இடைநிலைக் கல்விக் குழு அமைந்தது. தலைவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், மகப்பேறு மருத்துவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் பரிசோதனை, தொடர்ந்து கவனித்தல், தேவையானால் சிகிச்சை, மூன்றையும் சேர்த்தே அந்தக் குழு பரிந்துரைத்தது. தொடர்ந்து கவனிப்பதை ஒரு டாக்டர் விட்டுவிடாமல் எழுதி வைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

இன்று திட்டத்துக்குக் குறைவில்லை. மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி தரும் கண்ணொளி காப்போம் திட்டம் 2009இல் வந்தது. 18 வயது வரை பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. இருந்தும் மேல்வகுப்புப் பிள்ளைகள்தான் அதிகம் நழுவுகிறார்கள். சின்னப் பிள்ளை வலித்தால் அழும், பதினான்கு வயசுப் பிள்ளை மறைக்கும். கிட்டப்பார்வை ஏறுவதும், மாதவிடாய் தொடங்கிய பெண்களுக்கு ரத்தசோகை வருவதும், முதுகெலும்பு வளைவது வெளியே தெரிவதும் இந்த வயதில்தான். முகாம் நடந்தது என்று தெரிந்தால், சீட்டு ஏதாவது கொடுத்தார்களா என்று பெற்றோரே கேளுங்கள். சொன்னால் திட்டுவார்களோ, செலவாகுமோ என்று பிள்ளைகள் தாமாகச் சொல்வதில்லை.

அந்த மாணவியை அந்தப் பள்ளி பி.டி. சார்தான், வீட்டில் சம்மதம் வாங்கிக்கொண்டு, இன்னும் ஐந்து பிள்ளைகளோடு ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். கண்ணாடி வந்துவிட்டது. அவரிடம் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. பெயர், டாக்டர் சொன்னது, போன தேதி, கிடைத்தது என்று நான்கு கட்டம். இந்த வருஷம் நான் போனபோது 23 பெயர் இருந்தன. நான்கு பேருக்குக் கடைசிக் கட்டம் காலி. நான் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே, அந்த நான்கு பேரையும் வகுப்பிலிருந்து கூப்பிட்டு வரிசையில் முதலில் நிறுத்திவிட்டார்.