அந்த அறையில் கையெழுத்துப் போடாதீர்கள்

வேலையிலிருந்து அனுப்பப்பட்டு என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் இந்த மாதத்தில் மட்டும் இவர் நான்காவது ஆள். எதிரே உட்கார்ந்ததும் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அவர் வேலை பார்த்த ஐ.டி. கம்பெனியின் ஆண்டறிக்கையில் ஒரு பக்கம். தலைமைச் செயல் அதிகாரியின் சம்பளம் ஊழியர் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்று அதில் போட்டிருந்தது. மூன்று இலக்க எண். "எங்களை வெளியே அனுப்பச் செலவாகிறதாம் மேடம், அவருக்கு இன்கிரிமென்ட் மட்டும் நிற்கவில்லை" என்றார்.

நியாயமான கோபம்தான். நீங்கள் எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் காட்டியது ராஜினாமா மின்னஞ்சல். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று அவரே டைப் செய்து அனுப்பியது. வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தது எச்.ஆர்.

எட்டு வருடம் வேலை பார்த்தவர். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

அந்த மடங்குக் கணக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகள், ஊழியர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவதைப்போல ஒவ்வொரு இயக்குநரும் எத்தனை மடங்கு வாங்குகிறார் என்று வெளியிட வேண்டும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 197ஆவது பிரிவு சொல்வது இது. அதைப் படித்து வயிறு எரிவதில் தப்பில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்துத் தொழில் தீர்ப்பாயத்தில் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. அதே அறிக்கையில் நான் தேடுவது வேறு ஒரு வரி. ஆட்களை அனுப்பும் செலவைச் சில கம்பெனிகள் "விதிவிலக்கான இனம்" (exceptional item) என்று லாபக் கணக்கில் தனியாகக் காட்டும். அந்த வரி இருந்தால், பணத்தை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். உங்கள் முன்னால் உட்கார்ந்து "பட்ஜெட் இல்லை" என்கிறவர் தன் பையிலிருந்து எடுத்துத் தரப்போவதில்லை. பேரம் பேசுங்கள்.

இப்போது என்னை எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். "ராஜினாமா செய்தால் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும், டெர்மினேட் ஆனால் வேறு எங்கேயும் எடுக்கமாட்டார்கள்." இதை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! இன்ஜினியர்கள் சொல்கிறார்கள், எம்.பி.ஏ. படித்தவர்கள் சொல்கிறார்கள், வீட்டில் வக்கீல் இருப்பவர்கள்கூடச் சொல்கிறார்கள். இதை முதலில் சொல்லிவைத்தது யார்? உங்கள் ராஜினாமாவால் பணம் மிச்சமாகிறவர்கள்.

ஆட்குறைப்பு வேறு, ஒழுங்கு நடவடிக்கை வேறு. சட்டத்தில் ஆட்குறைப்பு என்பதற்கான விளக்கமே "தண்டனையாக அல்லாமல் வேறு காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்குவது" என்பதுதான். நீங்கள் தப்பு செய்யவில்லை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆட்குறைப்பில் வெளியே வந்தவருக்கும் ரிலீவிங் லெட்டர், அதாவது வேலையிலிருந்து விடுவித்த கடிதம், கொடுக்கலாம், கொடுக்கிறார்கள். ராஜினாமாவோ அந்த விளக்கத்துக்குள்ளேயே வராது. நீங்களாக விலகினீர்கள், அவ்வளவுதான். இழப்பீடு கிடையாது. அடுத்த ஒரு வருடத்துக்குள் அவர்கள் ஆள் எடுத்தால் ஆட்குறைப்பில் போனவருக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டும் என்ற உரிமையும் கிடையாது. (இடையில் ஒன்று: எல்லோரும் 'லேஆஃப்' என்கிறோம். நம் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குத் தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாமல் போவது என்று பொருள். கடிதத்தில் அதை எழுதிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.)

நான்காவது ஆளின் கணக்கைப் பாருங்கள். ஆளை மறைக்க எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். சட்டப்படி கணக்கில் வரும் ஊதியம் மாதம் 60,000. எட்டு வருடம். கம்பெனி "பேக்கேஜ்" என்று 5,20,000 கொடுத்தது. பெரிய தொகையாகத் தெரிகிறது அல்லவா? பிரித்துப் பார்ப்போம். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை: 60,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆலும் எட்டாலும் பெருக்கினால் 2,76,923. இது ராஜினாமா செய்தாலும் வரும், ஐந்து வருடம் முடித்தவரின் உரிமை இது, யாரும் தர்மம் செய்வதில்லை. ஒப்பந்தப்படி இரண்டு மாத நோட்டீஸ் சம்பளம் 1,20,000. மிச்சம் இருந்த விடுப்புக்கு 60,000. ஆக 4,56,923 அவருக்கு எப்படியும் சேர வேண்டிய பணம். "எங்கள் அன்பளிப்பு" என்று அவர்கள் கொடுத்தது 63,077.

ஆட்குறைப்பு என்று எழுதியிருந்தால்? முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். மாதத்தில் பாதி என்று வைத்தாலே 2,40,000. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி வேலை இழந்தவர் புதுத் திறன் கற்பதற்கான மறுதிறன் நிதியிலிருந்து இன்னொரு 15 நாள் ஊதியம், 45 நாளுக்குள் கணக்கில் ஏற வேண்டும். சுத்தமான ரெக்கார்டுக்கு அவர் கொடுத்த விலை ஏறக்குறைய இரண்டு லட்சம்.

"நான் சீனியர் மேனேஜர், எனக்கு இதெல்லாம் பொருந்தாதே" என்பது அடுத்த கேள்வி. விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதைத் தீர்ப்பாயம் பார்ப்பதில்லை. நாள் முழுக்க என்ன வேலை செய்தீர்கள் என்பதைப் பார்க்கும். புரோகிராம் கோடு எழுதுகிறீர்களா, வந்த புகார்களைத் தீர்த்து டிக்கெட் மூடுகிறீர்களா, அல்லது ஆள் எடுக்கவும் நீக்கவும் லீவு கொடுக்கவும் உங்களுக்கு அதிகாரம் இருந்ததா? உண்மையிலேயே நிர்வாகம் செய்தவர் என்றால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஒப்பந்தத்தைத்தான் நம்ப வேண்டும். ஆனால் நீங்கள் எந்த வகை என்று முடிவு செய்வது எச்.ஆர். வேலை இல்லை.

சரி, கூப்பிட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

எதிலும் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். "படித்துப் பார்த்துச் சொல்கிறேன், எழுத்தில் அனுப்புங்கள்" என்ற ஒரு வாக்கியம் போதும். கத்த வேண்டாம், அழவும் வேண்டாம். அழுகை வந்தால் பரவாயில்லை, ஆனால் பேனாவைத் தொடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து, யார் கூப்பிட்டார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று எச்.ஆருக்கே எழுதுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, இன்கிரிமென்ட் கடிதம் எல்லாம் இன்றைக்கே, வேலை இருக்கும்போதே, சொந்தக் கணக்கில் சேமித்து வையுங்கள். லேப்டாப்பை வாங்கிக்கொண்ட பிறகு என்னிடம் வந்து "எல்லாம் போர்ட்டலில் இருந்தது மேடம்" என்றால் நான் என்ன செய்வேன்? ஒரு எச்சரிக்கை: கோபத்தில் வாடிக்கையாளர் கோப்புகளை அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அப்போதுதான் உண்மையான ஒழுங்கு நடவடிக்கைக்கு நீங்களே வழி செய்து கொடுக்கிறீர்கள்.

சம்பளப் பாக்கி நாற்பத்தைந்து நாள் கழித்து வரும் என்பார்கள். புதிய ஊதியச் சட்டத்தொகுப்பு சொல்வது இரண்டு வேலை நாள். கேளுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு ஆறு மாதம் உட்கார்ந்திருக்காதீர்கள், தயவுசெய்து. கட்டாயப்படுத்தி வாங்கியது, திரும்பப் பெறுகிறேன் என்று உடனே எழுதுங்கள். நாள் கடக்கக் கடக்க "மனமுவந்து போனார்" என்ற அவர்கள் பேச்சுக்கு நீங்களே சாட்சி ஆகிறீர்கள். இரண்டு வருடம் தாண்டினால் இப்படிப்பட்ட தகராறுகளைப் பேசித் தீர்க்கும் அரசுச் சமரச அலுவலர் உங்கள் புகாரை எடுக்கவே முடியாது.

போன வருடம் ஒரு பெண் அலுவலகக் கழிவறையிலிருந்து போன் செய்தார். குரலை அடக்கிப் பேசினார், பின்னால் கை உலர்த்தும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்" என்றார். உள்ளே போய் ஒன்று மட்டும் கேட்கச் சொன்னேன்: "என்னை ஆட்குறைப்பு செய்கிறீர்கள் என்றால் அதையே எழுதிக் கொடுங்கள்." கேட்டிருக்கிறார். கூட்டத்தை மறுநாளைக்கு ஒத்திவைத்தார்கள். மறுநாள் வந்த தாளில் தொகை மாறியிருந்தது.