அப்பாவின் சட்டையில் வந்த காரீயம்

கிருஷ்ணகிரியில் குழந்தை மருத்துவம் பார்க்கும் எனக்கு, இரத்தசோகையோடு வரும் பிள்ளைகள் அன்றாடம் காணும் முகங்கள். இரும்புச்சத்து மருந்து, பூச்சி மருந்து, முருங்கைக்கீரை என்று சொல்லி அனுப்பினால் இரண்டு மூன்று மாதத்தில் முகம் தெளிந்துவிடும். நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மட்டும் தெளியவில்லை. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். மலச்சிக்கல் வேறு. "முன்பு போலப் பேசுவதும் இல்லை டாக்டர்" என்றார் அவன் அம்மா.

அவன் இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தேன். சிவப்பணுக்களுக்குள் மை தெளித்தது போல நீலப் புள்ளிகள். வேறு சில நோய்களிலும் இப்படி வரும் என்றாலும் மனம் உறுத்தியது. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அப்போதுதான் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பழைய பேட்டரியை உடைத்து, உள்ளிருக்கும் காரீயத்தை உருக்கும் கொட்டகையில் வேலை என்றார்.

மறுநாள் அவரையும் வரச் சொன்னேன். உதட்டை விலக்கிப் பார்த்தால், ஈறு பல்லைத் தொடும் ஓரத்தில் பென்சிலால் கீறியது போல நீலம் கலந்த கறுப்புக் கோடு. உடம்பில் காரீயம் ஊறியதற்கு மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த அடையாளம் அது. மகனின் இரத்தத்திலும் காரீயம் மிகுதியாக இருந்ததைப் பரிசோதனை உறுதி செய்தது.

ஈயச் சொம்பில் ரசம் வைத்துச் சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம் என்று சிலர் கேட்பார்கள். அந்தச் சொம்பு வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம், வேறொரு உலோகம், நஞ்சு.

காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சூடு மேலும் ஏறும்போது கிளம்பும் ஆவி, காற்றில் குளிர்ந்து ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவான துகளாகிவிடுகிறது. பருமனான தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியேறும். இதுவோ நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய் இரத்தத்தில் கலக்கிறது. முகத்தில் கட்டும் துண்டு இதைத் தடுக்காது. படிந்த தூள், சட்டையிலும் தலைமுடியிலும் வண்டி சீட்டிலும் ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேர்கிறது. அப்பா வாசலில் வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் பிள்ளை, அதே கையை வாயில் வைக்கிறது. வயிற்றுக்குள் போன காரீயத்தைப் பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரும்பும் கால்சியமும் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் கூடுதல். வளரும் மூளைக்கு அது செய்யும் கேட்டைப் பிறகு எந்த மருந்தாலும் முழுதாக மாற்ற முடிவதில்லை. எலும்பில் போய்த் தங்குவதோ பல பத்தாண்டுகள் இருக்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கரைந்து சிசுவையும் சேரும்.

காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நம் நாட்டில் நின்றது. 2009-ல் வந்த தேசியக் காற்றுத்தர வரையறை, ஒரு கன மீட்டர் காற்றில் காரீயத்தின் ஆண்டுச் சராசரி 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. வரம்பு வேண்டியதுதான். ஆனால் ஊர்க் காற்றை அளக்கும் கருவிக்கு, ஒரு வீட்டுக் கொடியில் காயும் வேலைச் சட்டை தெரியாது.

அந்தக் குடும்பத்துக்குச் சொன்னதையே இதுபோன்ற வேலையில் இருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். வேலையிடத்திலேயே குளித்து, உடை மாற்றி, செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மறுபடி காற்றில் ஏறும், ஈரத்துணியால் துடையுங்கள். கேழ்வரகுக் களியும் கீரையும் நம் பக்கத்துச் சாப்பாடுதான். பிள்ளைக்குத் தவறாமல் கொடுங்கள். ஆனால் அதையே மருந்தென்று நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இரத்தத்தில் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) 5 மைக்ரோகிராம் வந்தாலே, காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளையை எந்த மருத்துவரிடம் காட்டினாலும், அவர் கேட்காவிட்டாலும், உங்கள் வேலையைச் சொல்லிவிடுங்கள்.

அந்த அப்பா இப்போது வேறு வேலைக்குப் போகிறார். சிறுவனின் வயிற்றுவலி நின்றுவிட்டது, காரீய அளவும் மெல்ல இறங்குகிறது. பேச்சுப் பயிற்சி இன்னும் நடக்கிறது.