குழவியை நிறுத்திவிட்டுக் கல்லைச் சுற்றவிடுங்கள்

கையால் மாவாட்டும்போது ஆட்டுக்கல் அசையாது, குழவிதான் சுற்றும். 1955-இல் கோவையில் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டரில் இது தலைகீழானது: கல் சுற்றுகிறது, குழவி நின்ற இடத்திலேயே நிற்கிறது. கையின் அசைவை அப்படியே இயந்திரத்துக்குப் பழக்கப் போயிருந்தால் ஏகப்பட்ட நெம்புகோல்கள் வேண்டியிருக்கும். கல்லைச் சுற்றவிட்டால் ஒரு மோட்டார், ஒரு பெல்ட், இரண்டு புல்லி போதும். மோட்டார் நிமிடத்துக்கு 1,400 சுற்று ஓடினால், புல்லி அதை வெகுவாகக் குறைத்துத்தான் கல்லுக்குத் தர வேண்டும். இல்லாவிட்டால் மாவு சூடேறும், சுவரெல்லாம் தெறிக்கும்.

தொழிலில் கற்பனை என்பது பெரும்பாலும் இந்த அளவுதான். எது அசைய வேண்டும், எது நிற்க வேண்டும் என்று மாற்றிப் பார்ப்பது.

கோவையின் கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர்ப் பட்டறைகளில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் டிராயிங் அடுத்தவருடையது, கூலி மட்டும் நம்முடையது. "பக்கத்துக்காரரு போட்டாருங்க, நானும் போட்டேன்" என்று அதே மெஷினை வாங்குபவர் கடைசியில் கூலியைக் குறைத்துத்தான் ஆர்டர் பிடிக்க முடியும்.

புதிதாக யோசிக்க நல்ல இடம் சர்வீஸ் மெக்கானிக்கின் நோட்டு. ஒரு மாதப் புகார்களை வாடிக்கையாளர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். "கல்லைத் தூக்கிக் கழுவ முடியல" என்ற புகாருக்குள்தான் சாய்க்கும் கிரைண்டரும் டேபிள்டாப்பும் ஒளிந்திருந்தன. நோட்டில் அடிக்கடி வரும் ஒன்றை எடுத்து, அந்த வேலையையே இல்லாமல் செய்ய முடியுமா என்று கேளுங்கள். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்: வேலையைக் குறைப்பதற்குப் பதில் டைமரும் விளக்கும் சேர்த்து விலையை ஏற்றிவிடுகிறார்கள்.

அடுத்த படி, சோதனைக்கு ஒரு சாம்பிள். அட்டையிலோ, பிளைவுட்டிலோ, 3டி பிரிண்டிலோ செய்து ஐந்தாறு வீடுகளில் ஓடவிடுங்கள். சொந்தக்காரர் வீடு வேண்டாம், குறை சொல்ல மாட்டார்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சாம்பிள் தேறும் முன்பே டை (உற்பத்திக்கான உலோக அச்சு) வெட்டுவதுதான் பெரிய நஷ்டம். லட்சக்கணக்கில் போட்ட டையைத் தூக்கிப்போட மனசு வராது, தப்பான வடிவத்தையே விற்கப் பார்ப்போம்.

பொருளைச் சரியாக அறியாமல் கற்பனை நகராது. கோவை அருணாச்சலம் முருகானந்தம் முதலில் பஞ்சில் நாப்கின் செய்து பார்த்தார், தேறவில்லை. பெரிய நிறுவனங்கள் போடுவது மரக்கூழ் நார் என்று புரிந்த பிறகே வழி திறந்தது. நாரைப் பிரிப்பது, அச்சில் அழுத்துவது, ஒட்டுவது, புற ஊதாக் கதிரில் கிருமி நீக்குவது என வேலையைத் துண்டுகளாக்கினார். அதனால் கிராமத்துப் பெண்களே இயக்கும் சிறு இயந்திரம் சாத்தியமானது. 2016-இல் பத்மஸ்ரீ வந்தது.

கடைசியாக, கோவைத் தொழில்முனைவோர் சங்கமான கொடிசியாவின் கண்காட்சியில் ஸ்டால் போடும் முன், வாட்ஸ்அப்பில் வீடியோ விடும் முன், காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வெளியே காட்டிவிட்டால் 'புதியது' என்ற தகுதி பொதுவாகப் போய்விடும். தற்காலிக விண்ணப்பம் போட்டால் முழு விவரம் தர 12 மாதம் அவகாசம் கிடைக்கும். காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டு. வெளித்தோற்றம் மட்டும் புதிதென்றால் வடிவமைப்புப் பதிவு போதும்: 10 ஆண்டு, புதுப்பித்தால் இன்னும் 5.